பசி தாங்காத பிள்ளை

பிறந்து சில நாளே ஆன மகள் அழுவதைக் குறைத்துக்கொண்டதை வீட்டில் எல்லோரும் நல்லதாகவே எடுத்துக்கொண்டார்கள். "வூட்டுக்கு வந்ததும் அடங்கிட்டா பாரு" என்றாள் மாமியார் மெஹ்ராஜ் பேகம். ஹப்சா மட்டும் பிள்ளையின் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காலையில் மாற்றிய துணி மதியம்வரை நனையவே இல்லை.

ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. ஹப்சாவுக்குத் தாய் இல்லை. அதனால் பிறந்த ஊரான எலவனாசூர்கோட்டைக்குப் போகாமல், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கள்ளக்குறிச்சியில் இருக்கும் மாமியார் வீட்டுக்கே வந்துவிட்டாள். தையல் இழுக்கும். பிள்ளையைத் தூக்கி வைத்தால் காம்பின் நுனியை மட்டும் கவ்வி இழுக்கும், உயிர் போகும். காம்பு வெடித்துவிட்டது. ஒருமுறை பிள்ளையின் உதட்டைத் துடைத்தபோது துணியில் ரத்தம் இருந்தது.

"உனக்குப் பால் கம்மிம்மா. சுபைருகிட்ட சொல்லி பால் மாவு டப்பா வாங்கியாரச் சொல்றேன்" என்றாள் மாமியார்.

"வேணாம் மாமி. பாட்டில் பழகிட்டா அப்பறம் மாரத் தொடாதுன்னு சொல்றாங்க. இன்னும் ஒரு நாள் பாக்கலாம்."

அதற்கு முந்தின நாளும் ஹப்சா அதையேதான் சொல்லியிருந்தாள்.

உதவிக்கென்று கணவன் சுபைரின் அக்கா ஜெபீனா வந்து தங்கியிருந்தாள். அவள் மகன் சுபுஹான் தவழ்கிற பிள்ளை. அவன் அழுதாலே போதும், ஜெபீனாவின் ரவிக்கை நனைந்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹப்சா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மெஹ்ராஜ் பேகத்துக்கோ இரண்டு பிள்ளைகளையும் பார்த்துப் பூரிப்பு. "எம் பேரனுக்குக் கட்டிக்கப் பொண்ணு பொறந்துட்டா" என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலேயே எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்திருந்தாள்.

மதியம் ஹப்சா சுவரைப் பிடித்துக்கொண்டே போய் உடம்பைக் கழுவிவிட்டு வந்தாள். அறைக்குள் 'மடக் மடக்' என்று சத்தம் கேட்டது. ஜெபீனாவின் மடியில் அவள் மகள். கண்ணை மூடியபடி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

ஜெபீனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "நாக்கு ஒட்டிக்கினு கெடந்துச்சி ஹப்சா. தட்டித் தட்டிக் கூப்ட்டும் கண்ணத் தெறக்கல. நா இன்னா பண்றது?"

சத்தம் கேட்டு உள்ளே வந்த மெஹ்ராஜ் பேகம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி! உம்பால ஒரு வாய் குடிச்சாலும் நம்ம மார்க்கத்துல உம்புள்ளைக்கு அவ தங்கச்சியாச்சே! இனிமே எப்பிடிடீ நிக்கா பண்றது?"

"புள்ள உசுரோட இருந்தாத்தானேம்மா நிக்கா?" என்றாள் ஜெபீனா.

ஹப்சா குனிந்து பிள்ளையைப் பிடுங்கினாள். வாயிலிருந்து காம்பு நழுவியதும் பிள்ளை வீறிட்டது. நேற்றிலிருந்து அப்படியொரு குரலை அவள் கேட்கவே இல்லை. அழக்கூடத் தெம்பில்லாமல்தான் இவள் இத்தனை நேரம் அடங்கிக் கிடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான்தானே வேண்டாம் வேண்டாம் என்றேன்? பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி சுபைருக்குப் போன் போட்டாள்.

சுபைர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எடை நிறையக் குறைந்திருந்தது. "ஏம்மா இவ்ளோ நேரம் வுட்டீங்க?" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டாள். "மொதல்ல உங்ககிட்ட குடிக்க விடுங்க. பத்தலன்னா வேற பால் குடுங்க. கொழந்த காயக்கூடாது." பிள்ளையை எப்படி அணைத்துப் பிடிப்பது, வாய் நன்றாகத் திறந்ததும் காம்பைச் சுற்றிய கருவட்டமும் உள்ளே போகிற மாதிரி எப்படிக் கொடுப்பது என்று நர்ஸ் காட்டினாள். அப்படிப் பிடித்தபோது வலி கொஞ்சம் அடங்கியது. பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

வீடு திரும்பியபோது ஜெபீனா துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள். மெஹ்ராஜ் பேகம் மகளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஹப்சா கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் குடித்த பிள்ளை, வாயை எடுத்துவிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடியது. முனகல் அழுகையானது. மேசைமேல் சுபைர் வழியில் வாங்கிவந்த மாவு டப்பா இருந்தது. ஹப்சா அதைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பிள்ளையை ஜெபீனாவின் மடியில் கிடத்தினாள்.

"என்ன மன்னிச்சிடுங்கக்கா. எனக்குப் பால் ஊறுற வரைக்கும் நீங்க குடுங்க."

"தெரிஞ்சேவா செய்யற?" என்றாள் மாமியார்.

"தெரிஞ்சேதான் மாமி. சுபுஹானுக்குத் தங்கச்சியா இருந்துட்டுப் போவட்டும்."

பிள்ளை ஆவலோடு கவ்வியது. ஹப்சாவுக்குள் பொறாமை அப்போதும் எரிந்தது. ஆனாலும் இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நாள் போகப் போக ஹப்சாவுக்குப் பால் ஊறியது. மார் கல்லாய்க் கட்டி ஒரு நாள் காய்ச்சலும் அடித்தது. பிள்ளை அவளிடமே வயிறு நிறையக் குடிக்கத் தொடங்கியதும் ஜெபீனா தன் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசல்வரை வந்த மெஹ்ராஜ் பேகம் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுபுஹானை மட்டும் வாங்கி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.