இடது மட்டை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கணினியில் ஆடும் இரண்டு பின்பால் விளையாட்டுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை கேட்டார் பத்திரிகை ஆசிரியர். ஒழுங்காகத்தான் தொடங்கினேன்:

‘முதல் விளையாட்டில் பந்துக்கு எடை இருக்கிறது. இரண்டாவதில் வெளிச்சம் அதிகம். முதலாவது…’

இந்த இடத்தில் அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். (என் அக்கா அல்ல, கதையில் வரப்போகும் தம்பியின் அக்கா. நான் கற்பனை செய்தவள்தான். ஆனாலும் வந்தவளை எழுந்து போகச் சொல்ல மனம் வரவில்லை.)

பின்பால் அறியாதவர்களுக்கு: சாய்ந்த பலகை, அதில் உருண்டு வரும் பந்து, கீழே இடமும் வலமுமாக இரண்டு சின்ன மட்டைகள். பந்து நடுவில் விழுந்துவிடாமல் மேலே தட்ட வேண்டும். இடது மட்டையின் பொத்தானை அமுக்க இடது கை, வலதுக்கு வலது கை. அவ்வளவுதான்.

2

அக்கா முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். பக்கவாதம் வந்து இடது கை சோர்ந்துபோனது. கத்தரி பிடிப்பது வலது கைதான். ஆனால் சீப்பால் முடியை வாரி, தூக்கிப் பிடித்து, ‘இங்கே வெட்டு’ என்று காட்டுவது இடது கை. அது இல்லாமல் கடை இல்லை.

விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று தம்பி அந்த இரண்டு விளையாட்டுகளையும் மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தான். முதலாவதில் பந்து இடப்பக்கம் வந்தால் போச்சு.

“இந்தப் பந்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்டா,” என்றாள்.

இரண்டாவதில் வெளுத்து வாங்கினாள்.

“பாருடா! கை சொன்னபடி கேக்குது!”

கேட்டது கை இல்லை. அந்த விளையாட்டில் ‘துணை’ என்றொரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் இடது மட்டை தானாகவே அடிக்கும். தம்பி போட்டுவிட்டிருந்தான்.

(இதைப் பொய் என்பதா, அன்பு என்பதா? ஆண்டவன் எந்தக் கணக்கில் வைப்பானோ. நான் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.)

3

“ஒரே கைதானடா? அதுல ஏன் வரல, இதுல எப்படி வருது?”

“அது மட்டமான விளையாட்டுக்கா. நீ அமுக்கி முடிச்சு ஆற அமரத்தான் அது அசையும்.”

கட்டுரைக்காக நான் வைத்திருந்த ஒரே நல்ல வரி, முதலாவதுதான் நேர்மையான விளையாட்டு என்பது. பயல் அதைத் தலைகீழாக்கிவிட்டான்.

“அப்ப சரி. திங்கக்கெழம கடையத் தெறந்துடுறேன்,” என்றாள் அக்கா.

தம்பியின் கண்முன் வந்தவை: யாரோ ஒருத்தியின் காது, அதன் அருகே கத்தரி, நழுவும் சீப்பு.

4

‘தம்பி உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். அப்போது…’

இல்லை. அவன் சொல்ல மாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.

பின்பாலில் பலகையை லேசாகத் தட்டிப் பந்தைத் திருப்பலாம். பலமாகத் தட்டினால் மட்டைகள் இரண்டும் செத்துவிடும். எழுதுபவனுக்கும் அதே சட்டம்தான். ஆகவே லேசாக ஒரு தட்டு: அக்காவுக்கு மூக்கு அரித்தது.

5

“தம்பி, இங்க வா.”

“என்னக்கா?”

“நான் இடது கையால மூக்கச் சொறிஞ்சிட்டிருந்தேன். இடது மட்டை அதுபாட்டுக்கு அடிச்சுது.”

அவன் தரையைப் பார்த்தான்.

“அப்ப இத்தன நாளும் ஜெயிச்சது யாரு?”

“நீ மொகத்தத் தொங்கப்போட்டிருந்தியேக்கா. தாங்கல.”

அவள் மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளி, ‘துணை’யை நிறுத்தச் சொன்னாள். முதல் விளையாட்டைத் திறந்தாள். பந்து விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. ஒருமுறை மட்டும் இடது மட்டை அரைகுறையாக எழும்பி அதைத் தொட்டது.

“இது என்னுது,” என்றாள்.

6

முடிவுகள் கைவசம் உண்டு. திங்கட்கிழமை கடை ஜேஜே என்று நிறைந்தது… (பலமான தட்டு.) அக்கா கடையை விற்றாள்… (மாட்டேன்.)

நடந்தது இதுதான். திங்கட்கிழமை கடை நாற்காலியில் போர்வை சுற்றிக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான்.

“காது போச்சுன்னா?”

“இன்னொண்ணு இருக்குல்ல.”

சீப்பு இடது கையில் நடுங்கியபடி மேலே வந்தது. தம்பி தன்னை அறியாமல் தலையை அதன் பக்கம் சாய்த்தான்.

“ஆடாம இரு. நீ துணை பண்ணாத.”

அவன் நிமிர்ந்து கண்ணை மூடிக்கொண்டான். நானும் தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன். சீப்பு காதுக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கிறது.

உங்கள் இடது கை இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது? இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிறதா? நல்லது. எவ்வளவு வேலை அது என்று கொஞ்சம் பாருங்கள். அப்புறம் அக்காவைப் பாருங்கள். லேசாகவும் தட்ட வேண்டாம், கூட இருங்கள்.