தொடையில் இரண்டு இஞ்ச்

தையல்காரி தன் புருஷனை அரைப்பட்டினி போடத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. மூக்கில் மாட்டிய குழாய் வழியாக வேளைக்கு ஐந்து கரண்டி சத்துமாவு கரைத்து ஊற்றச் சொல்லியிருந்தார்கள். அவள் மூன்று போட்டாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினேன் என்பார்கள். அவள் கட்டியது அவருடைய வயிற்றை.

வேறு வழி தெரியவில்லை. அவர் எழுபத்தெட்டு கிலோ. அவள் நாற்பத்தாறு. வலது கையும் காலும் விழுந்துவிட்ட மனிதரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒற்றை ஆளாக மாற்றி நலத்துறைக்குக் காட்ட வேண்டும். முடிந்தால் அவர் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் பராமரிப்பு விடுதிக்குப் போக வேண்டும். பேச்சும் போய்விட்டது. ‘ம்’ ஒன்றுதான் மிச்சம். எந்த ‘ம்’ தாகம், எந்த ‘ம்’ வலி, எந்த ‘ம்’ கிண்டல் என்று பிரித்துச் சொல்ல உலகத்தில் அவளைத் தவிர ஆள் கிடையாது.

போன மாதம் நலத்துறை அதிகாரியம்மா வந்தபோது பாதி தூக்கியதும் இவள் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கட்டிலிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

“லிஃப்ட் மெக்கானிக்காமே நீங்க? ஊரையே மேல ஏத்தி இறக்கிட்டு, இப்ப உங்களுக்கு ஒரு லிஃப்ட் இல்லை பாருங்க” என்றார் அதிகாரியம்மா.

“ம்” என்றார் அவர். அது கிண்டல் ‘ம்’.

“ஒரு மாசம் தர்றேன்மா. அதுக்கு மேல என் கையில இல்லை.”

ஒரு மாதத்தில் தன் கைக்கு எங்கிருந்து பலம் வரும்? சுமையைத்தான் குறைக்க வேண்டும். அன்று மத்தியானமே இரண்டு கரண்டி குறைந்தது. மூன்றாவது கரண்டியோடு டப்பாவை மூடியபோது அவர் டப்பாவைப் பார்த்தார்.

“டாக்டர் குறைக்கச் சொல்லிட்டாருங்க” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பார்க்க வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன அண்ணி, அண்ணன் ஆளே பாதியாயிட்டாரு?”

“குண்டா இருந்து என்ன ஆகப்போகுது?”

“அதுவும் சரிதான். இனிமேலா பொண்ணு பாக்கப்போறோம்!”

சிரித்தாள். அவளோடு இவளும் சிரிக்க வேண்டியிருந்தது.

அதிகாரியம்மா திரும்ப வருவதற்கு முதல் நாள், அவருடைய பேண்ட்டைப் பிடித்துத் தைத்தாள். இடுப்பில் ஒன்றரை இஞ்ச். இடது தொடையில் இரண்டு இஞ்ச். மொத்தம் ஆறு கிலோ இறங்கியிருந்தது. சந்தோஷமாக நூலைக் கடித்தாள். நல்ல காலின் தொடையில் ஏன் இவ்வளவு என்று, இருபது வருஷம் அளவெடுத்த கை கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணுங்க.”

ஒரு சாண் எழுந்தார். இடது கால் நடுங்கியது. முழங்கால் மடங்கியது. அவ்வளவு கனத்தையும் அவள் ஒருநாளும் தாங்கியதில்லை. மண்டியிட்டுவிட்டாள். அதிகாரியம்மா பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக் கட்டிலில் சாய்த்தார்.

“எடை குறைஞ்சிருக்குங்க. ஆறு கிலோ” என்றாள் தரையிலிருந்தபடி.

அதிகாரியம்மா அவருடைய பேண்ட்டைச் சுருட்டி, தொடையை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார்.

“போன மாசம் பலம் பார்க்கப் பிடிச்சப்ப இந்தக் கால் என்னை உதைச்சுத் தள்ளுச்சு. இப்ப சதையே இல்லை. படுத்தே கிடக்கிற உடம்புக்குச் சாப்பாடு குறைஞ்சா, அது கொழுப்போட நிக்காது, சதையையும் எடுத்து எரிச்சிடும். நீங்க எழுபத்தெட்டு கிலோவைத் தூக்கலம்மா. பாதியை இந்தக் கால்தான் தூக்குச்சு.”

தையல்காரி எழுந்திருக்கவில்லை.

“காய்ச்சலா? பேதியா? உடம்புக்கு முடியாமப் போனதால இளைச்சாருன்னா எழுதுறேன். இன்னொரு மாசம் கிடைக்கும். பராமரிப்புல குறைன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போகணும்.” பேனாவைத் திறந்தார். “வேளைக்கு எத்தனை கரண்டி போடுறீங்க?”

அவள் சத்துமாவு டப்பாவைப் பார்த்தாள்.

கட்டிலில் அசைவு. அவர் இடது கையைத் தூக்கி அதிகாரியம்மாவுக்கு நேராக விரித்தார். ஐந்து விரல்.

“அஞ்சா? சரி.” அதிகாரியம்மா குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அவர் இவளைப் பார்க்கவில்லை. கை மட்டும் அப்படியே நின்றது. ஒரு மாதமாகக் குழாயில் என்ன இறங்குகிறது என்று அந்த வயிற்றுக்குத் தெரியாதா? இன்னொரு மாதம். அதற்கு அவள் ஒரு தலையாட்டினால் போதும்.

தையல்காரி கட்டிலைப் பிடித்து எழுந்தாள்.

“ஒரு நிமிஷம்மா. எழுதாதீங்க.”

அவர் கையைப் பிடித்தாள். சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் மடக்கினாள். மடங்கக் கூடாதென்று அவர் விறைப்பாக வைத்துப் பார்த்தார். விரலில் பலம் இல்லை. மடங்கிவிட்டன.