அருள்நாயகம் வாசிக்காத வரி

அருள்நாயகத்துக்கு மேடை கிடைத்தால் சோறு தண்ணி தேவையில்லை. கல்யாணவீடோ செத்தவீடோ, மைக்கைக் கண்டால் மனுசன் எழும்பிவிடுவார். கையெழுத்து மட்டும் கோழி கிளறியது மாதிரி. தான் எழுதியதைத் தானே வாசிக்கமாட்டார். அதனால் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுப்பது மக்டலீனின் வேலை. சமையல், துவையல், அவருடைய இரண்டு வயது மகன் மரியோவைப் பார்ப்பது, அதோடு இதுவும். மன்னாரில் எட்டு வருடம் சின்ன வகுப்புக்குப் படிப்பித்தவள். எழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு யூலை மாதம். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் வாசகர் கூட்டம். அவருடைய தலைப்பு, 'அமெரிக்க விடுதலையும் அமெரிக்க அடிமைகளும்'. மிசிசாகாவில் இரவு வேலை முடித்து, பகலில் நித்திரை கொண்டு எழும்பி, பின்நேரம் மரியோ கண்ணயர்ந்த பிறகு குசினிக்குள் அடுப்புக்கும் மேசைக்கும் இடையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்.

"எழுது பிள்ளை. எல்லா மனிதரும் சமமாய்ப் படைக்கப்பட்டவர்கள் எண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலை எழுதின அதே கை, நூற்றுக்கணக்கான அடிமையளை வைச்சிருந்த கை. எழுதிட்டியோ?"

"ஓம் அண்ணை."

"கேட்டால் அந்த எசமான்மார் என்ன சொன்னவங்கள் தெரியுமோ? உதுகள் எங்கட வீட்டு ஆக்கள் மாதிரி. வெளியிலை விட்டால் பிழைக்கத் தெரியாது. சீ! உவங்களும் மனிசரோ!"

மக்டலீனின் பேனா நின்றுவிட்டது. இந்தச் சொற்கள் அவளுக்குப் புதிதல்ல. போன செவ்வாய்க்கிழமை, இதே குசினியில், இதே வாயால் கேட்டவை.

நடந்தது இதுதான். அவருடைய மனைவி றோசலின் மக்டலீனுக்குத் தூரத்துச் சொந்தம். மூன்று வருடத்துக்கு முன் அவளைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர்கள் இந்த இரண்டு பேரும்தான். அகதி விசாரணைக்குக் கூட வந்து பக்கத்தில் இருந்தார்கள். அந்த நன்றியை அவள் மறக்கவில்லை. ஆனால் அவளுடைய நாட்டில் நிரந்தரமாக இருக்க உரிமை தரும் லாண்டட் பேப்பரும், வேலைக்குக் காட்டவேண்டிய சின் கார்ட்டும் தபாலில் வந்த அன்றே, "பாதுகாப்பாய் இருக்கட்டும்" என்று அருள்நாயகம் அவற்றை அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திறப்பு றோசலினின் கைப்பையில். இப்போது பார்க்டேலில் இருக்கும் ஜூலி, மன்னாரில் கூடப் படித்தவள், ஒரு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் மக்டலீனுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தாள். தன் அறையில் படுக்க இடமும் தருவாள். வருகிற திங்கட்கிழமை அந்தக் கடதாசிகளோடு போய் நிற்கவேண்டும், பிந்தினால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை மக்டலீன் அவற்றைத் தரச்சொல்லி அருள்நாயகத்திடம் வாய்விட்டுக் கேட்டாள். "நீ எங்கட வீட்டுப் பிள்ளையெல்லே? வெளியிலை உனக்குப் பிழைக்கத் தெரியாது. பிறகு பாப்பம்" என்றுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

"அண்ணை," என்றாள் இப்போது. "அடிமையளிட்டைக் கடதாசி ஒண்டும் இருக்கேல்லையோ?"

அவருடைய முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி! கறுப்பு ஆள் ஒருத்தன் விடுதலையானால் அதுக்கொரு கடதாசி குடுப்பினம். அதைக் கையிலை வைச்சிருக்கவேணும். காட்ட இல்லையெண்டால் அவன்ரை கதி என்ன, யோசிச்சுப் பார். இதையும் சேர்த்து எழுது."

சேர்த்து எழுதினாள். எழுதிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். நடிப்பு இல்லை. இருநூறு வருடத்துக்கு முந்தின சனங்களுக்காக அந்த மனுசனுக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. கோபக்காரனாக இருந்தால் சண்டை பிடிக்கலாம். இவரோடு என்ன செய்வது? மக்டலீனுக்குப் பயம் வந்தது. மரியோ எழும்பும்வரை அப்படியே இருந்து யோசித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தின் அடியில் தன்பாட்டுக்கு ஒரு வரி எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அருள்நாயகம் வெளுத்து வாங்கினார். எசமான்கள் சொன்ன சாட்டு ஒவ்வொன்றையும் எடுத்துப் பிய்த்து உதறினார், சனம் கைதட்டியது. பின்வரிசையில் மரியோ மக்டலீனின் மடியில் நித்திரை. 

கடைசிப் பக்கம் வந்தது. அடிக்குப் போனதும் குரல் நின்றது. அருள்நாயகம் தண்ணீர் குடித்தார். தலையை நிமிர்த்திப் பின்வரிசையைப் பார்த்தார். வாசிக்கப்போகிறார் என்றுதான் மக்டலீன் நம்பினாள்.

"நன்றி, வணக்கம்," என்று தாளை மடித்தார்.

தேத்தண்ணி நேரம். கூட்டத் தலைவர் பஸ்ரியன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அருள், உருக்கிப்போட்டாய் ஐசே!" றோசலின் பக்கத்தில் பூரித்துப்போய் நின்றாள். மக்டலீன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்ட வந்தாள்.

"அண்ணை, கடைசி வரியை வாசிக்கேல்லை."

"நேரம் காணாமல் போச்சுது பிள்ளை."

"எங்களுக்கு நேரம் கிடக்கு," என்றார் பஸ்ரியன். "என்ன வரி அது? சொல்லு பிள்ளை."

 வகுப்பில் பாடம் ஒப்புவிப்பது போல நேரே பார்த்துச் சொன்னாள்.

"இதை எழுதிய மக்டலீனின் கடதாசிகள் அருள்நாயகம் வீட்டு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. கேட்டும் கொடுக்கவில்லை."

பஸ்ரியன் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அருள்நாயகத்தின் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.  பாவம், அருள்நாயகத்துக்குச் சொல்ல என்ன மிச்சம்? சொல்லக்கூடிய நியாயங்கள் எல்லாவற்றையும் அரைமணி நேரத்துக்கு முன் அவரே மேடையில் கிழித்துப்போட்டிருந்தார்.

றோசலின்தான் பேசினாள், அதுவும் உள்ளதை உள்ளபடி. "ஐயோ, நாளைக்கு மரியோவை ஆர் பாக்கிறது?"

"எனக்குத் தெரியாதக்கா," என்றாள் மக்டலீன். கண்ணீர் வந்துவிட்டது. "அலுமாரித் திறப்பைத் தாங்கோ."

சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். றோசலின் கணவனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். அவள் கைப்பைக்குள் துழாவித் திறப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"பஸ்ஸிலை வீட்டை போய்க் கடதாசியளை எடுக்கிறன் அக்கா. திறப்பை மேசையிலை வைச்சிட்டுப் போறன்."

மரியோவை அருள்நாயகத்தின் கையில் கொடுத்தாள். சட்டையைப் பிடித்திருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். கதவைத் தாண்டுவதற்குள் பிள்ளை எழும்பி வீரிட்டது. தகப்பன் சொன்ன சமாதானம் ஒன்றும் எடுபடவில்லை. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். பார்க்காமல் பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள்.