ஏழாவது கட்டம்

கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று கூட வேலை செய்யும் ரோசம்மா வந்து சொன்னாள். நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. விளக்குகள் மினுங்கின, உள்ளே ஏதோ முனகியது, அச்சு இயந்திரத்திலிருந்து மட்டும் ஒரு வரியும் வரவில்லை. வெளியே ஈப்போ நகரம் வெயிலில் வெந்துகொண்டிருக்க, குளிரூட்டிய அறையில் எனக்கு வேர்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் லியோங் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். புரோகிராம் நான் எழுதியது. அந்த அலுவலகத்தில் பட்டம் வாங்கிய ஒரே பெண் நான், அதுவும் தோட்டத்திலிருந்து வந்தவள். எது கெட்டாலும் எல்லோருக்கும் முதலில் என் முகம்தான் ஞாபகம் வரும்.

சித்தியவான் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளிகள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டு, குடும்பத்துக்கு ஒரு மலிவு வீடு கொடுப்பதாக வாங்கியவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வயது வந்த ஒவ்வொருவரும் ஒரு விண்ணப்பப் பாரம் கொடுக்க வேண்டும். ஏழாவது கட்டத்தில் குடும்பத் தலைவர் யார் என்று சொல்ல வேண்டும். அந்தத் தலைவர் பெயரில்தான் வீடு. எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த பாரங்களில் பிழை பார்ப்பது என் புரோகிராமின் வேலை. ஒருவர் இன்னொருவரைத் தலைவர் என்றால் அது அந்த இன்னொருவரின் பாரத்துக்குப் போகும். 'நானே தலைவர்' என்கிற ஆள் அகப்படும்வரை போய்க்கொண்டே இருக்கும். எந்தக் குடும்பத்திலும் ஒருத்தராவது நான்தான் என்று முன்னால் வந்து நிற்பார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஆம்பிளைகளை வைத்துப் பார்த்தால் அது தப்பான கணக்கில்லை.

எங்கே சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க, தொடுகிற பாரத்தின் எண்ணை எல்லாம் அச்சடிக்கச் சொல்லி மறுபடி ஓடவிட்டேன். இரண்டே எண்கள் மாறி மாறிப் பக்கம் பக்கமாக வந்து விழுந்தன. ரோசம்மா கட்டுக்குள்ளிருந்து அந்த இரண்டு பாரங்களையும் உருவி எடுத்தாள். வீரம்மாவின் பாரத்தில் தலைவர் மங்களம். மங்களத்தின் பாரத்தில் தலைவர் வீரம்மா.

ரோசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யாருலா இதுங்க ரெண்டும்?"

"ரெண்டுமே எங்கம்மாதான்."

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். நான் எதையும் மறைக்கிற ஆளில்லை, அவளுக்கே எல்லாம் தெரியும், பெயர்கள்தான் தெரியாது. வீரம்மா அப்பாவின் முதல் மனைவி, பதிவு செய்த கல்யாணம். பிள்ளையில்லை என்று அப்பா மங்களத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார், பதிவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மங்களம் என்னைப் பெற்றாள், பெரியம்மா என்னை வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கேலி செய்தவன் ஒருவனின் காதைக் கடித்திருக்கிறேன். அப்பாவை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்த பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு அவரைத் திட்டுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு தூங்குவது எனக்குப் பிடிக்கும்.

சுற்றலை நிறுத்த இரண்டு வரி போதும், எழுதினேன். உடனே இரண்டு பாரமும் நிராகரிப்பில் போய் விழுந்தன. இரண்டு பேரையுமே தலைவராக ஏற்றுக்கொள்ளும்படி மாற்றித் தருகிறேன் என்று லியோங்கிடம் சொன்னேன். வீட்டுக்கு ஒரு பெயர்தான், திங்கட்கிழமை பட்டியல் போகிறது, தலைவர் இல்லாத குடும்பத்துக்கு வீடும் இல்லை என்றார். கத்தினேன். அவர் கத்தவில்லை, புதுப் பாரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு பெயரை நானே தட்டிவிட்டிருக்கலாம். எந்தப் பெயரை?

ஞாயிற்றுக்கிழமை பாரமும் மைப்பெட்டியுமாகப் பஸ் ஏறினேன். லயத்தில் பாதி வீடுகள் காலியாகிவிட்டிருந்தன. பெரியம்மா வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பசியாறிவிட்டாயா என்று கேட்டாள். நான் அதற்குப் பதில் சொல்லாமல், இவர்களால் ஒரு கம்ப்யூட்டரே கிறுக்குப் பிடித்துச் சுற்றியது என்று சத்தம் போட்டேன். வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களா என்று அவள் பயந்தாள். தூக்கமாட்டார்கள், ஆனால் உங்களுக்கு வீடு கிடைக்காது என்றேன். சட்டப்படி மனைவி நீங்கள்தான், உங்கள் பெயரையே போடுங்கள், முடிந்தது என்றேன்.

"அதான் போடக்கூடாதுங்கிறேன். எனக்குக் கல்யாணப் பத்தரம் இருக்கு. நாளைக்கி நான் கண்ண மூடிட்டா எங்கண்ணன் மவன் வந்து நிப்பான். நீ யாருன்னு இவளக் கேப்பான். இவ எதக் காட்டுவா?"

அம்மா கோப்பியோடு வெளியே வந்தாள். என்னிடம்தான் சொன்னாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "நான் வந்த அன்னிக்கே அக்கா பாதி வீட்டக் குடுத்துட்டாங்க. மிச்சத்தையும் நான் புடுங்கிக்கணுமா?"

"நான் எங்கடி குடுத்தேன்? அந்த மனுசன் குடுத்தான். எத்தன மாசம் ஒங்கூடப் பேசாம கெடந்தேன்."

"பேசலதான். சோறு போட்டு மூடி வச்சீங்கள்ல?"

பெரியம்மா நெத்திலியைத் தள்ளி வைத்தாள். நான் பெஞ்சில் பாரத்தை விரித்து மைப்பெட்டியைத் திறந்தேன். கைநாட்டு ஒன்று போதும், யாராவது வையுங்கள், பஸ் போய்விடும் என்றேன்.

பெரியம்மா சட்டென்று அம்மாவின் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலை மையில் அழுத்தினாள். அம்மா இடது கையால் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். இரண்டும் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டி உரமேறிய கைகள், ஒன்று மற்றொன்றுக்கு இளைத்ததில்லை. கோப்பிக் குவளை உருண்டது. நான் பாரம் நனையாமல் இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டேன். "வையிடி" என்றாள் ஒருத்தி. "மாட்டேங்க்கா" என்றாள் மற்றவள். திடீரென்று பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் புரையேறி இருமத் தொடங்கினாள்.

சாலையில் பஸ் ஹார்ன் அடித்தது. அம்மா கையை விடுவித்துக்கொண்டு பெரியம்மாவின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். வெள்ளை ரவிக்கையின் மேல் கறுப்புக் கட்டைவிரல் தடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. என் கைக்கடியில் பாரம் சுத்தமாக இருந்தது.