நூற்றுக்கு நூற்று நான்கு

விதைப் பரிசோதனை நிலையத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நூறு பயறு போட்ட தட்டில் நூற்று நான்கு முளைத்திருந்தன. எண்ணியவள் பதினேழு வருடமாக அங்கே முளைகளை எண்ணிக்கொண்டிருந்தவள். வாழ்க்கையில் பெரும்பகுதியை நூறுவரை எண்ணுவதிலேயே கழித்ததால் அவளுக்கு நூறக்கா என்று பெயர் விழுந்திருந்தது. முதலில் வழக்கம்போல் எண்ணினாள். பிறகு வலமிருந்து இடமாக எண்ணினாள். பிறகு ஒவ்வொரு முளையையும் இடுக்கியால் எடுத்துக் கறுப்புத் துணியில் பத்துப் பத்தாக அடுக்கினாள். பத்து வரிசை நிரம்பி, பதினோராவது வரிசையில் நான்கு வந்து உட்கார்ந்தன. தட்டில் கழன்று கிடந்த விதைத்தோல்களை எண்ணினாள், சரியாக நூறு. ஆகவே நான்கு முளைகள் விதையின் தயவே இல்லாமல் வந்திருந்தன. வேரும் இலையும் மற்றவற்றைப் போலத்தான் இருந்தன, கொஞ்சம் நெட்டை.

அது நல்ல பயறும் இல்லை, கெட்டுப்போனது. அந்த வருடம் பயிர்காரர்களின் கூட்டுறவுக் கிடங்கில் கூரை ஒழுகி, விதைக்கென்று வைத்திருந்த மூட்டைகள் அத்தனையும் நனைந்துவிட்டன. வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தபோது நூற்றுக்கு முப்பத்தொன்றுதான் முளைத்தது. எழுபத்தைந்துக்குக் கீழே போனால் அதை விதையென்று வெளியே விடக் கூடாது, எரித்துவிட வேண்டும் என்பது விதி. விதைப்புக் காலம் முடிய மூன்றே வாரம். எதையாவது செய்து பாரம்மா என்று நிலையத்தின் இயக்குநர் சொன்னதால், நூறக்கா அக்கம்பக்கத்தில் தானாக முளைத்துக் கிடந்த செடிகளின் இலைகளைப் பறித்துவந்து, பத்துக் கிராம் இலைக்கு நூறு மில்லி தண்ணீர் என்று அரைத்து, துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றில் பயறை ஊறவைத்து உறிஞ்சுதாளில் பரப்பினாள். நொச்சிச் சாற்றில் நாற்பத்திரண்டு முளைத்தன. எருக்கில் பன்னிரண்டு. ஊமத்தையில் வந்த ஒன்பதும் வேர் சுருண்டு, ஏன் வந்தோம் என்பதுபோல் கிடந்தன. கடைசியாக அரைத்தது, நிலையத்தின் பின்சுவரில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் படர்ந்திருந்த கொடி. அதன் பெயர் யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் தொட்டிக்கொடி என்று எழுதினாள். அரைக்கும்போதே ஒரு வாசனை வந்தது. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்த ஒரு நொடியில் வயிற்றில் நடப்பது, அதை முகர்ந்தவர்களுக்கு மூக்கில் நடந்தது. எதிர் மேசைத் தட்டச்சர் அன்றைக்கு ஒரு நினைவூட்டல் கடிதத்தை ‘என்றும் உங்கள் நினைவில்’ என்று முடித்து அனுப்பிவிட்டார்.

முளைப்புப் படிவத்தில் விழுக்காட்டுக்கு இரண்டு கட்டங்கள்தான் உண்டு. நூறு வந்தால் மூன்றாவது எண்ணை ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். நூறக்கா 104 என்று நெருக்கி எழுதி, கையெழுத்துப் போட்டு, இயக்குநரின் மேசையில் வைத்தாள். இயக்குநர் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார், ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இதைத் தொண்ணூற்றைந்து என்று மாற்றி எழுதிவிடம்மா, விதையும் தப்பிக்கும், நாமும் தப்பிக்கலாம் என்றார்.

“தொண்ணூத்தஞ்சுன்னு எழுதிட்டா மிச்சம் ஒம்பது எங்க போச்சுன்னு யார் சார் பதில் சொல்றது?”

“யாரும்மா கேக்கப்போறா?”

“நான் கேப்பேன்.”

இப்படி ஒரு பிடிவாதத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. பயிர்காரர்கள் சங்கத்தின் தலைவி, தெருமுனையில் பேசினால் கிடங்குவரை கேட்கும் குரலுக்காக வெண்கலம் என்று அழைக்கப்பட்டவள், நிலையத்தின் வாசலில் நின்று, ஒரு எண்ணை மாற்றி எழுதினால் கை தேய்ந்தா போய்விடும் என்று கேட்டாள். வீட்டிலும் அதே பேச்சுதான். நூறக்கா தன் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். தம்பி மிக்ஸி பழுதுபார்ப்பவன், அவன் மனைவி தையல்காரி. வேலை போனால் என்ன செய்வதாக உத்தேசம் என்று தம்பி கேட்டதற்கு, இவள் யோசித்துப் பார்த்து, தெரியவில்லை, ஆனால் அது நூற்று நான்குதான் என்றாள். பொய்க் கணக்கு எழுதினால் வேலை நீக்கம் என்பது அவளுக்கும் தெரியும். படிவம் 104 என்றே போய்ச் சேர்ந்ததும், அவள் எழுதியது பொய்யா இல்லையா என்று பார்க்கத் தலைமை அலுவலகம் ஆள் அனுப்பியது.

வந்தவனுக்குக் கழித்தல்காரன் என்று பெயர். நாற்பத்தாறு வயது, ஒண்டிக்கட்டை. இருபத்தொரு வருடமாக மற்றவர்கள் எண்ணியதை மறுபடி எண்ணுவதே அவன் வேலை. இதுவரை எந்த எண்ணையும் குறைக்காமல் விட்டதில்லை. அவன் வந்துபோன அலுவலகங்களில் நாற்காலிகள்கூடக் குறைந்ததாகச் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் தன் சொந்த இடுக்கியை வைத்திருந்தான். கிடங்குக்குப் போய்த் தன் கையால் பயறு எடுத்தான், தானே கொடியைப் பறித்து அரைத்தான், தானே நூறு விதையைப் பரப்பி அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஐந்தாம் நாள் காலை அறையைத் திறந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினான். நூற்று ஒன்பது. உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் நிதானமாக எண்ணினான். நூற்றுப் பதினொன்று. வெளியே வந்தபோது, தெரியாத நிறுத்தத்தில் இறங்கிவிட்டு, இந்த இடமும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்பவன் முகம்போல் இருந்தது அவன் முகம். நூறக்காவைக் கூப்பிட்டு, நீங்கள் எண்ணுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன் என்றான். அவள் எண்ண, அவன் குறிக்க, நூற்று இருபத்தாறு வந்தது.

அந்த வாரத்துக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. இயக்குநரைப்போல நின்றபடி ஒரு பார்வை பார்த்தால் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று வந்தது. ஒருவர் உட்கார்ந்து கவனமாக எண்ணினால் ஐந்தோ பத்தோ கூடியது. இரண்டு பேர் ஒன்றாக, ஒரே வேகத்தில் எண்ணினால், அதற்குக் கணக்கில்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு முளை இன்னொன்றின் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். அதையும் சேர்த்தால் அதற்குப் பின்னால் ஒன்று. தட்டுகள் போதாமல் தேநீர்க் கோப்பைகளில் வைத்தார்கள், மேசை இழுப்பறைகளில் வைத்தார்கள், தட்டச்சரின் தலைக்கவசத்தில் முப்பத்தாறு வைத்தார்கள். கட்டடம் முழுக்க அந்த வாசனை ஏறிவிட்டது. மாடிப்படியில் ஆட்கள் காரணமில்லாமல் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்கள். பகலில் சாப்பாடு கொண்டுவந்த தம்பி மனைவி, இருவரும் ஒரு தட்டின்மேல் தலையோடு தலை முட்டுமளவு குனிந்திருப்பதைக் கதவருகே நின்று பார்த்துவிட்டு, பாத்திரத்தை மெதுவாக வைத்து, வீட்டுக்குப் போய் அக்காவுக்கு ஒரு புது ரவிக்கை வெட்டத் தொடங்கினாள்.

“எழுபத்திமூணுல விட்டுட்டேன்” என்றான் கழித்தல்காரன் ஒருநாள். “மறுபடி முதல்லேருந்து எண்ணலாமா?”

“நீங்க ஒண்ணும் விடலை. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“தட்டையா?”

நூறக்கா ஒன்று என்று ஆரம்பித்தாள். அந்தத் தட்டில் இருநூற்றுப் பதினெட்டு வந்தது.

இயக்குநர் அவனையும் கூப்பிட்டு, தொண்ணூற்றைந்தைப் பற்றி மென்மையாக எடுத்துச் சொன்னார். கழித்தல்காரன் இடுக்கியைக் கூட்டில் வைத்து மூடினான். “எனக்குக் கழிக்கத் தெரியும் சார். வேற எதுவும் தெரியாது. ஆனா இதுல எதைக் கழிக்கிறது? எல்லாத்துக்கும் வேர் இருக்கு” என்றான். பிறகு படிவத்தை வாங்கி, இருவரும் சேர்ந்து முதலில் எண்ணிய நூற்று இருபத்தாறைக் கட்டத்தின் கோட்டை வெட்டிக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டான். மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நூறு விழுக்காட்டுக்கு மேல் முளைப்பது விதிகளுக்கு விரோதமானது, முடிவு செல்லாது. இருவரும் தற்காலிகப் பணிநீக்கம். அடுத்த திங்கட்கிழமை ஆட்கள் வந்து கிடங்குப் பயறு முழுவதையும் எரிப்பார்கள்.

இதைக் கேட்டு வெண்கலம் சண்டை போடுவதற்காகவே புறப்பட்டு வந்தாள். நூறக்கா அவள் கையில் ஒரு தட்டைக் கொடுத்து எண்ணச் சொன்னாள். வெண்கலம் விரல் வைத்து, உதடு அசைத்து எண்ணினாள். நூற்று ஏழாவதில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கூரை ஒழுகிய நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை; அந்தச் சிரிப்பு கிடங்குவரை கேட்டது. அன்றே கிடங்கைத் திறந்தார்கள். தம்பி தன் கடையில் பழுதுக்கு வந்திருந்த இருபத்திரண்டு மிக்ஸிகளையும் வேலை செய்ய வைத்து, வரிசையாக அடுக்கிக் கொடியை அரைத்தான். பறிக்கப் பறிக்கக் கொடி குறையவில்லை. கொடி என்றால் வளரத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். ஊறிய பயறை ஈரச் சாக்குகளில் பரப்ப இடம் போதாமல், நிலையத்தின் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை தெருவில் விரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எரிப்பு அதிகாரி ஆறு ஆட்களோடும் நான்கு டின் மண்ணெண்ணெயோடும் வந்து இறங்கினார். தெரு முழுக்க இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பச்சை. அவர் ஒழுங்கான மனிதர். அழிக்கப்படும் எந்தப் பொருளும் அழிக்கும் முன் இருவர் இருவராக எண்ணிப் பதிய வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆட்களை மூன்று ஜோடியாகப் பிரித்து, அவசரமில்லை, கவனமாக எண்ணுங்கள் என்றார். நூறக்காவும் கழித்தல்காரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்குப் பச்சை கணுக்காலைத் தொட்டது. பதினொரு மணிக்கு முதல் ஜோடி ஏழாயிரத்தைத் தாண்டியபோது பின்னால் எண்ணி முடித்த சாக்குகளில் இரண்டாம் அடுக்கு எழும்பியிருந்தது. எரிப்பு அதிகாரி கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தானே எண்ண உட்கார்ந்தார். ஜோடிக்கு ஆள் இல்லாததால் வெண்கலம் எதிரே உட்கார்ந்தாள். அவள் குரலுக்கு அவர் குறித்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டு மணிக்குப் பேருந்து வந்தது, போக வழியில்லாமல் நின்றது. ஓட்டுநரும் நடத்துநரும் இறங்கி, சும்மா நிற்பானேன் என்று இருவருமாக ஒரு சாக்கை எண்ணத் தொடங்கினார்கள். பயணிகளும் ஜோடி ஜோடியாக இறங்கினார்கள். ஒருவரையொருவர் தெரியாதவர்கள் முழங்காலிட்டு உட்கார்ந்து, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எள் போட்டால் விழாத தெருவில் முளைகளுக்கு மட்டும் இடம் இருந்தது. இரண்டு மணிக்கு அவை முழங்கால் உயரம் நின்று, வாசல்வழியாக வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தன. எல்லோருடைய எண்ணிக்கையும் சேர்த்து நான்கு லட்சத்துப் பதினோராயிரம் வந்தபோது எரிப்பு அதிகாரி பேனாவை மூடிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் ஈரமாகி, எழுந்திருக்க முடியாமல் சிரித்தார். தன் திருமணத்துக்குப் பிறகு இப்படிச் சிரித்ததில்லை என்று வெண்கலத்திடம் அவர் சொன்னதாகத் தெரிகிறது.

பேருந்துக்கு வழி விட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, பயிர்காரர்கள் வண்டி வண்டியாக முளைகளை அள்ளிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். பயறை நாற்றாக நடுவது வழக்கமில்லை. அந்த வருடம் நட்டார்கள். ஐந்து மணிக்குத் தெருவில் ஈரச் சாக்குகள் மட்டும் கிடந்தன. எரிக்கத் தக்கது எதுவும் சம்பவ இடத்தில் இல்லை என்று அதிகாரி அறிக்கை எழுதினார். அது உண்மைதான்.

எல்லோரும் போன பிறகு நூறக்காவும் கழித்தல்காரனும் நிலையத்தின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணுவதற்கு எதுவும் இல்லை, இருவருக்கும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இன்னொரு கையெழுத்து வேண்டும் என்பதுபோன்ற குரலில் அவன் கேட்டான்.

“நான் ஒண்ணு. நீங்க ஒண்ணு. சேர்த்தா எவ்வளவு வருதுன்னு பார்க்கலாமா?”

“பார்க்கலாம்” என்றாள் நூறக்கா. “ஆனா ரெண்டுன்னு எழுதி முடிச்சிடாதீங்க.”

அந்த அறுவடையில் கிடங்கு நிரம்பி, சங்க அலுவலகம் நிரம்பி, வெண்கலத்தின் படுக்கையறையும் நிரம்பி, அவள் ஒரு மாதம் மூட்டைகளின்மேல் தூங்கினாள். எட்டு மாதம் விசாரித்தும் குற்றம் இன்னதென்று யாராலும் சொல்ல முடியாததால் இருவரையும் வேலையில் திரும்பச் சேர்த்தார்கள். புதிய படிவத்தில் விழுக்காட்டுக்கு மூன்று கட்டங்கள் அச்சிட்டார்கள். அடுத்த வருடம் நான்கு. இயக்குநர் ஓய்வுபெற்ற பிறகு மனைவியோடு உட்கார்ந்து பயறு எண்ணப் பழகிக்கொண்டார். கோபமாக இருக்கும்போது எண்பதைத் தாண்டுவதில்லை என்று கடிதம் எழுதினார்.

திருமணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. நூறக்கா புது ரவிக்கை போட்டிருந்தாள். தம்பி மனைவியின் தையல் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டைப் பிடித்தார்கள். குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை, எத்தனை விளக்கு வாங்க வேண்டும் என்று பார்க்க இருவருமாக அறைகளை எண்ணினார்கள். ஐந்து இருந்தன. வீட்டுக்காரர் எப்போது வந்தாலும் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்து இரண்டு என்றுதான் சொல்கிறார். அவரோடு இவர்கள் வாதாடுவதில்லை. மூன்றாவது அறையில் தம்பியின் பழைய மிக்ஸிகள் இருக்கின்றன. நான்காவது சின்னது, சும்மா கிடக்கிறது. ஐந்தாவதற்குச் சிமெண்டுத் தரை, பெரிய சன்னல், மாலை நான்கு மணிவரை நல்ல வெயில். துணியெல்லாம் அங்கேதான் காயப்போடுகிறார்கள்.