ஆறங்குலப் பாலம்

தெருவில் அவருக்கு 'ஸ்கேல்' என்றுதான் பெயர். முப்பத்தைந்து வருஷம் வரைபட ஆபீசில் கோடு போட்டுக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் ஆறங்குல மர ஸ்கேல் இல்லாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். அவருடைய ஒரே மகளுக்கு வயது முப்பத்தெட்டு. பதினோரு வருஷம் விண்ணப்பம் எழுதி எழுதி விரல் தேய்ந்த பிறகு, ஒருவழியாக நூலகர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. ஊர், பஸ்ஸில் பத்து மணி நேரம்.

திங்கட்கிழமை காலை அங்கே கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டாகிவிட்டது. இந்தத் தடவையும் வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு என்று முகத்தில் அடித்தாற்போல எழுதியிருந்தார்கள்.

அப்பாவின் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா பொறுப்பேற்றாயிற்று. மாத்திரைக்கு அலாரம் வைத்தாயிற்று. மிச்சம் நின்றது எறும்பு. சிரிக்காதீர்கள். தோட்டத்து ஓரத்தில் செங்கல் வரிசையை ஒட்டி, அம்மா விட்டுப்போன தொட்டிகள் பத்தொன்பது. எறும்பு ஏறினால் கூடவே மாவுப்பூச்சியும் குருத்தில் குடியேறிவிடும். அம்மாவுக்கு உயிரான வெள்ளைச் செம்பருத்தி ஏற்கெனவே பாதி சுருண்டுவிட்டது.

"எறும்பு ஒழியட்டும்மா, அப்புறம் தாராளமா போ. எனக்குக் குனிய முடியாது. உங்கம்மா செடி சாகறதை உக்காந்து பாத்துக்கிட்டிருக்கச் சொல்றியா?" இரண்டு தவணையும் இப்படித்தான் போயின.

அவளும் மஞ்சள்தூள் தூவினாள், வேப்பெண்ணெய் அடித்தாள். வெந்நீர் ஊற்றியதில் எறும்பு பிழைத்துக்கொண்டது, குரோட்டன்ஸ் செத்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே தேய்ந்தது அவள்தான். கடைசியில் ஒவ்வொரு தொட்டியையும் அகலமான தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றி, தட்டு நிறையத் தண்ணீர் விட்டாள். சுவரைத் தொடும் இலைகளைக் கத்தரித்தாள். எறும்பு என்ன, அதன் பாட்டன் வந்தாலும் நீந்தித்தான் வரவேண்டும். மற்ற தொட்டிகளெல்லாம் சுத்தமாயின. செம்பருத்தியில் மட்டும் சனிக்கிழமை சாயங்காலமும் சாரை சாரையாக எறும்பு.

அவள் மண்டியிட்டுத் தொட்டியின் பின்பக்கம் பார்த்தாள். செங்கல் வரிசையிலிருந்து தொட்டி விளிம்புக்கு, தண்ணீருக்கு மேலே, ஒரு மர ஸ்கேல். எறும்புகள் அங்குலக் கோடுகளைத் தாண்டி அதன்மேல் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன.

வேலியே பயிரை மேய்ந்த கதை. அவளுக்கு வந்தது கோபம். ஸ்கேலை உதறி எடுத்துக்கொண்டு உள்ளே போய் அப்பாவின் மடியில் போட்டாள்.

"குனிய முடியாதுன்னீங்களே. இதுக்கு மட்டும் எப்படிப்பா குனிஞ்சீங்க?"

அவர் ஸ்கேலைத் தொடவில்லை. "குனியலம்மா. நீ கடைக்குப் போனப்ப, உக்காந்தபடியே நகந்து நகந்து போனேன். வச்சுட்டேன். திரும்ப எந்திரிக்கத்தான் முடியல. முக்கா மணி நேரம் அங்கேயே கெடந்தேன்."

அவள் அவர் வேட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தாள்.

"தனியா இருக்கப் பயமா இருக்கு, அவ்வளவுதான். தப்புப் பண்ணிட்டேன். நீ நாளைக்குக் கெளம்பு. நான் நெசமாத்தான் சொல்றேன்."

'போகாதே' என்று கத்தியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பாள். அந்த வழியையும் அவர் அடைத்துவிட்டார். அவர் செம்மண்ணில் உட்கார்ந்து, எழ முடியாமல், வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரத்தை அவளால் பெட்டியில் வைத்து மூட முடியவில்லை. ஞாயிறு காலை பெட்டியைக் கட்டினாள். மத்தியானம் பிரித்தாள். அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மூடிய கண்களை அவள் அந்த நிமிஷம் வெறுத்தாள்.

சாயங்காலம் அவள் ஏறவேண்டிய ஆறு மணி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது அவள் தோட்டத்தில் இருந்தாள். செம்பருத்தித் தட்டில் தண்ணீர் நிறைந்திருந்தது. பாலம் போனதில், தொட்டிக்குள் மாட்டிக்கொண்ட எறும்புகள் விளிம்பையே சுற்றிச் சுற்றி வந்தன. ஒவ்வொன்றும் தண்ணீர்வரை இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறியது.

பஸ் கிளம்பிப் போகும் சத்தம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய் அப்பாவின் பையிலிருந்து ஸ்கேலை உருவிக்கொண்டு வந்து, பழைய இடத்திலேயே குறுக்கே வைத்தாள்.

"நீங்களாவது போங்க" என்றாள்.