பிரிண்டரும் நம்பிய பொய்

லிஃப்ட் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் புகார் வாங்கும் பெண்ணுக்கு ஒரு வசதி உண்டு. காதில் ஹெட்போன், வாயருகே மைக், முகத்தில் கொஞ்சம் கவலை. இவ்வளவு இருந்தால் போதும், அவள் யாரிடம் பேசுகிறாள் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

மெக்கானிக்குகள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் டாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லூரி லேபில் கை பழகிய பழைய விளையாட்டு அது. ஒரே அறையில், ஒரே வயரில் கோத்த கம்ப்யூட்டர்களின் முன்னால் உட்கார்ந்தால்தான் ஆடவிடுவேன் என்று அடம்பிடிக்கிற ரகம். அன்று ஒரே அறையில் இருந்தவர்களோ இன்று ஆளுக்கொரு ஊரில். ஒருவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறான். அவனுக்குப் பெயர் வாத்தி. இன்னொருவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஆட்டத்தில் எப்போதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்வதால் பல்லி. இவள் எறும்பு. ஏன் என்று கடிபட்டவர்களுக்குத் தெரியும்.

வாத்திதான் எங்கிருந்தோ ஒரு மென்பொருளைப் பிடித்துக்கொண்டு வந்தான். இன்டர்நெட் வழியாக மூன்று கம்ப்யூட்டர்களையும் இணைத்து, ‘இவர்கள் எல்லாரும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள்’ என்று விளையாட்டின் காதில் கூசாமல் பொய் சொல்லும். விளையாட்டும் அப்பாவியாய் நம்பிவிடும்.

“எறும்பு, எங்கடி இருக்க?” என்றான் பல்லி. “சுட்டுட்டு ஓடி ஒளியறதெல்லாம் ஒரு வீரமா?”

“தேடு. கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு.”

“பல்லி, ரொம்பக் கத்தாத. மாத்திரை வாங்க வந்தவன் மாத்திரை வாங்காமயே ஓடிடுவான்” என்றான் வாத்தி.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அடக்காமல் முடியாது. ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் இருந்தார்.

இருக்கக்கூடாதவர். காலையில் மனைவியிடம் போனில், “லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேம்மா, சிக்னல் விட்டு விட்டு வருது” என்று சொல்லிவிட்டு, போனை அணைத்து, விளக்கை அணைத்து, எதிர் நாற்காலியில் கால் நீட்டியவர். காரணம், அந்தப் போன் பேச்சில் தடுப்பைத் தாண்டி இவள் காதிலும் விழுந்த ஒரு இரும்பு பீரோ. அதை மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டும். ஒரு முனையைப் பிடிக்க மச்சான் வந்துவிட்டான். மறுமுனை இவர் தோளுக்காகக் காத்திருந்தது. பாதி ஊருக்கு லிஃப்ட் மாட்டிவிட்டவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

அவர் மேசையில் எறும்பின் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. இவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவன் கம்ப்யூட்டரில் சீட்டாடினான் என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். மாட்டினால் இவளுக்கும் அதே வாசல்தான்.

“ஏய், இங்க ஒரு பிரிண்டர் தெரியுது” என்றான் பல்லி திடீரென்று. “‘புகார் பிரிண்டர்’னு போட்டிருக்கு. யாரோடது இது?”

அவள் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன. “பல்லி, அதைத் தொடாத.”

“தொட்டாச்சு. ரெண்டு வரி அனுப்பியிருக்கேன், எடுத்துப் படி.”

பொய் சொல்லும் மென்பொருள் விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பிரிண்டரும் அதைக் கேட்டிருக்கிறது, பிரிண்டரும் நம்பியிருக்கிறது. அது இவள் கம்ப்யூட்டரோடு இணைந்ததுதான். ஆனால் வயர் தடுப்பில் போட்ட ஓட்டை வழியாகப் போய், பிரிண்டர் உட்கார்ந்திருப்பது மேனேஜரின் அறையில். எந்தப் புகாரும் தன் கண்ணில் படாமல் போகக்கூடாது என்பது அவர் கொள்கை.

தடுப்புக்கு அப்பால் அது கனைத்தது. காகிதம் இழுபடும் சத்தம். பிறகு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் காகிதம். முகத்தில் பத்து மாடி இறங்கிய களைப்பு.

“ஏம்மா, இதைப் படி.”

‘நீ எங்கே ஒளிஞ்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். மரியாதையா வெளியே வா.’

அவள் இரண்டு முறை படித்தாள். அந்த இரண்டு முறைக்குள் ஒரு பதிலைத் தேடினாள்.

“என் வீட்டுக்காரிதான்” என்றார் மேனேஜர், நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தபடி. “என் மச்சான் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். அவனை வச்சு வேலையைக் காட்டிட்டா.”

“அவங்களா இருக்காது சார்.”

“உனக்குத் தெரியாது. கல்யாணம் ஆனதுலேருந்து ‘வாங்க’ன்னுதான் கூப்பிடுவா. ‘வா’ன்னு எழுதியிருக்கான்னா எந்த அளவுக்குக் கோவம்னு பாரு.” அவர் எழுந்தார். “தள்ளு. எங்கேருந்து வந்துச்சுன்னு உன் கம்ப்யூட்டர்ல பாக்கலாம்.”

திரையில் வைக்கோல் போரும், அதற்குப் பின்னால் பச்சை டாங்கியும் நின்றன. மேனேஜர் மேசையைச் சுற்றிக் காலெடுத்து வைத்தார்.

“சார், லைன்ல கஸ்டமர்” என்றாள் அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு. “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டார்.”

மேனேஜர் அப்படியே நின்றார். மாட்டிக்கொண்டவர் லைனில் இருக்கும்போது யாரும் குறுக்கே போகக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

“சொல்லுங்க சார். பதட்டப்படாதீங்க. அந்தப் பட்டனை மட்டும் மறுபடி அமுக்காதீங்க.”

காதுக்குள் பல்லி, “எந்தப் பட்டன்? யாரு சாரு?” என்றான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. “பக்கத்துல மேனேஜரா? ஐயையோ, ரெண்டாவதும் அனுப்பிட்டேனேடி.”

உள்ளே பிரிண்டர் மறுபடி கனைத்தது. மேனேஜர் ஓடினார். ‘மூணு எண்ணுவேன்’ என்ற காகிதத்தோடு திரும்பி வந்தார்.

“மச்சான் வாசல்ல நிக்கிறானோ என்னவோ” என்று ஜன்னல் திரையை ஓரமாக விலக்கிப் பார்த்தார். தெருவில் ஒரு நாய் மட்டும் இவரைப் பார்த்தது.

“கஸ்டமர் என்னாச்சு?”

“இன்னும் உள்ளேதான் சார் இருக்கார். கொஞ்சம் புத்தி கம்மி போலிருக்கு. எல்லாப் பட்டனையும் அமுக்கறார்.”

“கஸ்டமரை அப்படிச் சொல்லக்கூடாது.”

“இவரைச் சொல்லலாம் சார்.”

வாத்தி சிரித்தது காதில் இரைந்தது.

மேனேஜர் ஜன்னலை விட்டு நகர்ந்து மறுபடி இந்தப் பக்கமே வரத் தொடங்கினார். இன்னும் நாலு எட்டு வைத்தால் திரை தெரிந்துவிடும். காகிதம் அவரை வெளியே கொண்டுவந்தது என்றால், காகிதமே அவரைத் திருப்பியும் அனுப்பும். அவள் ஆட்டத்தில் எழுதிப் பேசிக்கொள்ளும் கட்டத்துக்குள் பல்லிக்கு மளமளவென்று அடித்தாள்.

“நீங்க சொல்றதைத்தான் சார் பதிவு பண்ணிட்டிருக்கேன்” என்றாள் மைக்கில். “அப்படியே, ஒரு எழுத்து மாறாம.”

“ஒரு எழுத்து மாறாம” என்றான் பல்லி, தேர்வில் பார்த்து எழுதிய காலத்துப் பணிவோடு.

பிரிண்டர் கனைத்தது. மேனேஜர் பாதி வழியில் திரும்பி உள்ளே போனார். அவர் முணுமுணுத்துப் படிப்பது தடுப்பைத் தாண்டிக் கேட்டது.

“‘ஆபீஸ்ல வேலை பாக்கின்னு சாக்குச் சொல்லாத. மேசையில கிடக்கிறதுல எல்லாம் கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பு. பீரோ காத்துக்கிட்டிருக்கு.’”

பிறகு பேனா மூடி கழலும் சத்தம். ஒன்றன்பின் ஒன்றாகக் காகிதங்கள் புரண்டன. எதையும் படிக்கிற வேகமாகத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது மேனேஜர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். கத்தையை அவள் மேசையில் வைத்தார். மூன்று மிரட்டல்களையும் மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“யார் கேட்டாலும் காலையிலேருந்து சைட்டுக்குப் போயிருந்தேன்னு சொல்லு.”

“குழிக்குள்ள சார்.”

“குழிக்குள்ள” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கத்தையின் நடுவில் அவளுடைய உத்தரவு இருந்தது. கையெழுத்து கொஞ்சம் கோணியிருந்தாலும் கையெழுத்துதான். அவள் பிரிண்டரைப் பொதுவில் பகிர்வதை முதல் வேலையாக நிறுத்தினாள். அடுத்த வேலையாக, வைக்கோல் போரைத் தாண்டி வந்து பல்லியைச் சுட்டாள்.

“நன்றி கெட்டவளே” என்றான் பல்லி.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் அலுவலகப் போன் அடித்தது. மேனேஜரின் மனைவி.

“அவர் வீட்டுக்கு வந்துட்டாரும்மா. பீரோவும் மேலே ஏறிடுச்சு. அவர்தான் படுத்திருக்கார்.”

“உடம்பு பரவாயில்லையா மேடம்?”

“இடுப்பு மட்டுந்தான். வந்ததும் வராததுமா மூணு காகிதத்தை நீட்டி மன்னிச்சுக்கோன்னார். நான் எதையும் அனுப்பலை.” மறுமுனையில் லேசாகச் சிரித்தது கேட்டது. “அனுப்பலைன்னு அவர்கிட்ட சொல்லவும் இல்லை.”

எறும்பு தோளில் மாட்டிய பையை இறக்கிவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என் பையனோட ஸ்கூல் படமெல்லாம் அவர் உங்கிட்டதான அனுப்பி பிரிண்ட் எடுத்துட்டு வருவார்? அப்ப அந்த பிரிண்டர் உன் கம்ப்யூட்டர்லதானம்மா மாட்டியிருக்கு?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா மேடம்.”

“அக்கான்னே கூப்பிடு. வேலை நிரந்தரமாயிடுச்சுன்னார், சந்தோஷம். நல்லா இரு.” குரல் தாழ்ந்தது. “வெள்ளிக்கிழமை எங்க அம்மா வர்றாங்க. அன்னைக்கும் இவருக்கு ஏதாவது குழி கிடைச்சிடும். நீ என்ன பண்ற, மத்தியானத்துக்கு மேல ஒரு காகிதம் அனுப்பு.”

“என்ன எழுதணும்க்கா?”

“அதை நான் சொல்றேன், எழுதிக்கோ. ‘வா’ன்னே போடு. அது நல்லா வேலை செய்யுது.”

எறும்பு பேனாவை எடுத்தாள்.